‘அது குழந்தைகளுக்கு வரும் நோய்’ என்போருக்கு

“எபிக்ளாட்டைட்டிஸா? அது சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றது. ஹிப் ஊசி வந்தப்புறம் அதெல்லாம் போயிடுச்சே!” குரல்வளை மூடி அழற்சி பற்றி மருத்துவம் படித்தவர்களிடம் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வருகிறது. தேர்வு அறையில் இதற்கு மதிப்பெண் கிடைக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் இதற்கு உயிர் போகும்.

குழந்தைகளுக்கு வரும் நோய் என்ற முதல் பாதி என்றைக்குமே முழு உண்மையாக இருந்ததில்லை. தடுப்பூசியோடு போய்விட்டது என்ற இரண்டாம் பாதி, ஊசி தொடர்ந்து போடுகிற வரைக்கும் மட்டுமே உண்மை. இரண்டும் சேர்ந்து செய்கிற கெடுதல் பெரிது. தொண்டை வலி என்று வரும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களில் சிலரை, மூச்சுப் பாதை அடைபட இன்னும் சில மணி நேரமே இருக்கும்போது, மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வைக்கிறது இந்த நம்பிக்கை. அதனால்தான் இதைச் சும்மா விட முடியவில்லை.

முதலில் உறுப்பைப் பார்த்துவிடுவோம். நாக்கின் அடிவேருக்குப் பின்னால், குரல்வளையின் வாசலில், இலை வடிவில் நிற்கிற மெல்லிய குருத்தெலும்புதான் குரல்வளை மூடி. விழுங்கும்போது அது பின்பக்கம் மடங்கி வாசலை மறைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் புரையேறாமல் நம்மைக் காப்பது அது ஒன்று மட்டும் இல்லை. குரல்வளை முழுவதும் மேலே எழும்புவதும், குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்வதும் அதைவிடப் பெரிய காவல். புற்றுநோய் அறுவை சிகிச்சையில் குரல்வளை மூடியை எடுத்துவிட்டவர்களில் பலர் பயிற்சி எடுத்துக்கொண்டு மறுபடியும் வாயால் சாப்பிடுகிறார்கள். ஆக, மூடி இல்லாமல் வாழ்ந்துவிடலாம். மூடி வீங்கிப்போனால்தான் ஆபத்து. நாக்கைப் பார்த்த பக்கத்தில் அதன்மேல் சவ்வு தளர்வாக ஒட்டியிருக்கிறது. அங்கே நீர் கோத்துக்கொள்ள நிறைய இடம் உண்டு. வீக்கம் கூடக் கூட மூடி தடித்து, பின்னுக்குச் சாய்ந்து, வாசலின்மேல் இறங்குகிறது. பக்கத்து மடிப்புகளும் சேர்ந்து வீங்கும். பெரியவர்களில் இப்படிச் சுற்றுவட்டாரமே வீங்குவதால்தான் சூப்ராக்ளாட்டைட்டிஸ் என்ற பெயரையும் மருத்துவர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள்.

இனி, எதிர்த்தரப்பில் உள்ள உண்மையைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி வகைக் கிருமி, சுருக்கமாக ஹிப், குழந்தைகளைக் கொன்று குவித்த கிருமி. தடுப்பூசிக்கு முன் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 20,000 குழந்தைகள் அளவில் கடும் ஹிப் தொற்றுக்கு ஆளானார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பங்கு மூளைக்காய்ச்சல், அடுத்த வரிசையில் குரல்வளை மூடி அழற்சி. ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்னீர்சன் இருவரும் ஒரு பக்கமும், டேவிட் ஸ்மித், போர்ட்டர் ஆண்டர்சன் இருவரும் இன்னொரு பக்கமுமாகப் பாடுபட்டு உருவாக்கிய இணைப்புத் தடுப்பூசி 1990 முதல் அங்கே கைக்குழந்தைகளுக்கே போடப்பட்டது. நோய் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு குறைந்தது. அந்த நால்வருக்கும் 1996இல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று இது. இதை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. என் வழக்கு தடுப்பூசியோடு இல்லை. தடுப்பூசியின் வெற்றியிலிருந்து எடுத்துக்கொண்ட தவறான முடிவோடுதான்.

அந்த முடிவு ஏன் தவறு? அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில் எட்டு ஆண்டுக் காலத்தில் குரல்வளை மூடி அழற்சி வந்த பெரியவர்களை மட்டும் தேடித் தொகுத்த ஆய்வு ஒன்று 1986இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. அந்தச் சின்ன மாநிலத்தில் 56 பெரியவர்கள். அவர்களில் 4 பேர் இறந்துபோனார்கள், அதாவது நூற்றுக்கு ஏழு பேர். ஆண்டைக் கவனியுங்கள். இணைப்புத் தடுப்பூசி இன்னும் சந்தைக்கே வராத காலம் அது. குழந்தைகளிடம் நோய் உச்சத்தில் இருந்தபோதே பெரியவர்களிடமும் அது இருந்தது, ஆளையும் கொன்றது. குழந்தைகளின் எண்ணிக்கை கண்ணை மறைத்ததால் பெரியவர்கள் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தடுப்பூசி வந்தபிறகு என்ன நடந்தது என்பதற்கு ஐஸ்லாந்து நல்ல சாட்சி. மக்கள் தொகை குறைந்த நாடு, யாருக்கு என்ன நோய் வந்தது என்ற பதிவு சுத்தமாக இருக்கும். அங்கே 1989இல் ஹிப் தடுப்பூசி தொடங்கியது. குழந்தைகளிடமிருந்து இந்த நோய் ஏறத்தாழ மறைந்தே போனது. பெரியவர்களிடம் மறையவில்லை. அமெரிக்காவில் 1998 முதல் 2006 வரை இந்த நோயோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் கணக்கை எடுத்தபோது, நோயாளிகளின் சராசரி வயது சுமார் 45. ஒரு காலத்தில் மூன்று வயதுக் குழந்தையின் படத்தைப் போட்டுப் பாடம் நடத்திய நோய் இது! இன்றைக்குப் பல நாடுகளின் ஆய்வுகள் சொல்வது, பெரியவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் முதல் நான்கு பேர் வரை என்று. தடுப்பூசி குழந்தைகளை வரிசையிலிருந்து விலக்கிவிட்டது. அதுவரை அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவர்கள் இப்போது முன்னால் தெரிகிறார்கள். நோய் போய்விட்டது என்று சொல்வதற்கு இதில் எங்கே இடம்?

போகட்டும், ஆய்வுகளை விட்டுவிடுவோம். இந்த நோயால் இறந்ததாக வரலாறு காட்டும் ஆட்களில் மிகப் பேர்பெற்றவர் யார்? குழந்தையா? அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன். வயது 67.

1799 டிசம்பர் 12 அன்று மவுண்ட் வெர்னன் பண்ணையில் பனியிலும் மழையிலும் மணிக்கணக்கில் குதிரைமேல் சுற்றினார். மறுநாள் தொண்டை வலி, சாயங்காலம் குரல் கம்மல். ஏதாவது மருந்து சாப்பிடுங்கள் என்று செயலாளர் டோபியாஸ் லியர் சொன்னதற்கு, சளிக்கெல்லாம் தான் மருந்து எடுப்பதில்லை, வந்தமாதிரியே போகட்டும் என்றுவிட்டார். 14ஆம் தேதி விடியுமுன் மூச்சு முட்டி எழுந்து மனைவி மார்த்தாவை எழுப்பினார். பேச்சு வரவில்லை. பாகு, வினிகர், வெண்ணெய் கலந்து கொடுத்தார்கள்; ஒரு துளிகூட உள்ளே இறங்கவில்லை, உடம்பே வெட்டி இழுத்தது. கொப்பளிக்கச் சொன்னபோது தலையைப் பின்னால் சாய்த்தார், அந்த நொடியில் மூச்சு நின்றுவிடப் பார்த்தது. மருத்துவர்கள் திரும்பத் திரும்ப இரத்தத்தை வடித்தார்கள். மொத்தம் ஏறக்குறைய இரண்டரை லிட்டர். மருத்துவர்கள் மூவரில் இளையவரான எலைஷா டிக், மூச்சுக்குழலில் துளை போடுவோம் என்று கெஞ்சினார். மூத்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிரவு பத்து மணிக்கு மேல் வாஷிங்டன் இறந்தார்.

பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. சீழ்க்கட்டி, தொண்டை அடைப்பான் என்று பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். 1999இல் மருத்துவர் டேவிட் மோரன்ஸ் அதே நியூ இங்கிலாந்து இதழில் எல்லாச் சான்றுகளையும் எடுத்துவைத்து, குரல்வளை மூடி அழற்சியே பொருந்துகிறது என்று வாதாடினார். எனக்கு அந்த வாதம் வலுவாகவே தெரிகிறது. திடீரென வந்த வலி, கம்மிய குரல், எச்சில் விழுங்க முடியாமை, படுத்தால் மூச்சு முட்டுதல், எழுந்து உட்காரத் துடிப்பு, மூச்சு முட்டத் தொடங்கி 24 மணி நேரத்துக்குள் மரணம். பெரியவருக்கு வரும் குரல்வளை மூடி அழற்சியைப் பாடமாக நடத்த இதைவிட நல்ல வழக்கு கிடையாது. நம் கல்லூரிகளிலோ இன்னும் மூன்று வயதுக் குழந்தையின் எக்ஸ்ரேயைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். நம் மாணவர்கள் மனப்பாடம் செய்வது இது: வயது 2 முதல் 7, கிருமி ஹிப், பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கட்டைவிரல் அடையாளம், அதாவது வீங்கிய மூடி கட்டைவிரல் போலத் தெரிவது. இந்த மூன்றும் தடுப்பூசிக்கு முந்தைய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதிய பாடம். ஆனால் வளரும் நாடுகளில் ஹிப் கிருமி பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகவும் நிமோனியாவாகவும்தான் வந்தது. குழந்தைகளின் குரல்வளை மூடி அழற்சி தடுப்பூசிக்கு முன்பே இங்கெல்லாம் அபூர்வமாகத்தான் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் நாம் மனப்பாடம் செய்தது யாருடைய நோய்? நம் குழந்தைகளுக்கு அதிகம் வராத ஒன்றின் அடையாளங்களைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிறோம். நம் பெரியவர்களுக்கு வருகிற அதே நோய் எதிரே வந்து உட்கார்ந்தால் பெயர் நினைவுக்கு வருவதில்லை.

தடுப்பூசிக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஹிப் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை, பென்டாவேலன்ட் என்று செவிலியர்கள் சொல்வதை, இந்திய அரசு முதன்முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது, 2011 டிசம்பரில். நமக்குப் பெருமைதான். அதற்கு முன் பிறந்து அரசு ஊசியை மட்டும் நம்பி வளர்ந்த அத்தனை பேரும் ஹிப் ஊசி போடாதவர்கள் என்பதும் அந்தத் தேதியிலேயே அடங்கியிருக்கிறது. போட்டிருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. பெரியவர்களின் குரல்வளை மூடியைத் தாக்குவது ஹிப் ஒன்று மட்டும் இல்லை. நிமோகாக்கஸ், மற்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், ஸ்டஃபைலோகாக்கஸ் என்று பல உண்டு. சோதனையில் எந்தக் கிருமியும் சிக்காத நோயாளிகளும் ஏராளம். சூட்டோடு சூடாக எதையாவது விழுங்கி வெந்துபோவதாலும் இப்படி வீங்கும். இவற்றுக்கெல்லாம் ஹிப் ஊசி என்ன செய்யும்?

சர்க்கரை நோய் இதில் ஒரு தனிக் கவலை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த அழற்சி வந்தால் சீழ் கட்டவும், மூச்சுக்குக் குழாய் போட வேண்டி வரவும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் இதைக் குழந்தைகள் வார்டுக்கு எழுதிவைப்பது எவ்வளவு பெரிய கவனப் பிசகு!

இந்தப் பிசகு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இரவு பத்து மணிக்கு ஒரு சிறிய மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதுக்காரர் வருகிறார், சர்க்கரை உண்டு. நேற்றிலிருந்து தொண்டை வலி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரையில் கேட்கவில்லை. “ஆ சொல்லுங்க” என்று நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்க்கிறார் டியூட்டி டாக்டர். டான்சில் சாதாரணமாக இருக்கிறது, பின்சுவர் லேசாகச் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். “பெருசா ஒண்ணும் இல்லைங்க, சாதாரண இன்ஃபெக்‌ஷன்தான்.” பக்கத்தில் நிற்கும் மனைவி விடவில்லை. “இல்ல டாக்டர், எச்சில்கூட முழுங்க முடியலைங்கிறார். டம்ளரைக் கையில வச்சுக்கிட்டுத் துப்பிக்கிட்டே இருக்கார். குரலும் வாய்ல எதையோ போட்டுக்கிட்டுப் பேசறமாதிரி இருக்கு.” “வலி இருந்தா அப்படித்தாம்மா இருக்கும்.” ஓர் ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லி அனுப்புகிறார்கள்.

அந்த அம்மாள் சொன்ன மூன்று வரியில் நோய் முழுவதும் இருந்தது. டாக்டர் டார்ச் அடித்த இடத்தில் அது இல்லை. வாய் வழியாகப் பார்த்தால் தெரிவது டான்சிலும் தொண்டையின் பின்சுவரும்தான். குரல்வளை மூடி நாக்கின் அடிவேருக்குப் பின்னால், கீழே இருக்கிறது. பெரியவர்களில் அதை டார்ச்சால் பார்க்க முடிவதில்லை. ஆகையால் “தொண்டை நல்லாத்தான் இருக்கு” என்பது இங்கே ஆறுதலான செய்தியே கிடையாது. எச்சில் விழுங்க முடியாத அளவுக்கு வலி, ஆனால் வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றும் காணோம் என்ற அந்தப் பொருந்தாமைதான் முதல் தடயம். கூடவே குரல்வளைக்கு மேலே கழுத்தின் முன்பக்கத்தை விரலால் லேசாகத் தொட்டாலே வலியில் சுருங்கிப்போவது. இந்த இரண்டையும் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், காசும் வேண்டாம்.

கருவி வேண்டியிருப்பது அடுத்த படிக்கு. மூக்கு வழியாக விடும் வளையக்கூடிய எண்டோஸ்கோப். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருக்கலாம். மரத்துப்போகும் மருந்தை மூக்கில் அடித்துவிட்டு, நிமிடக் கணக்கில் பார்த்து முடித்துவிடலாம். வீங்கிச் சிவந்து உருண்ட மூடியைத் திரையில் பார்த்த பிறகு சந்தேகத்துக்கே இடமில்லை. வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது, பின்னாலுள்ள மடிப்புகளுக்கும் வீக்கம் பரவியிருக்கிறதா என்பதையும் அதே பார்வையில் அளந்துவிடலாம். யாருக்குக் குழாய் போட வேண்டும், யாரைக் கண்காணித்தால் போதும் என்பதை முடிவு செய்வதே அந்தப் பார்வைதான்.

இங்கேதான் ‘குழந்தைகள் நோய்’ என்ற கருத்து இன்னொரு வழியிலும் கெடுதல் செய்கிறது. குழந்தைக்கு இந்தச் சந்தேகம் வந்தால் தொண்டையைத் தொடாதே, நாக்கை அழுத்தாதே, படுக்க வைக்காதே, அழவிடாதே; தாயின் மடியிலேயே உட்கார வைத்துத் தியேட்டருக்குக் கொண்டுபோய், ஈஎன்டி சர்ஜன் பக்கத்தில் தயாராக நிற்க, மயக்கவாயு கொடுத்துக் குழாய் போடு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். குழந்தையைப் பொறுத்தவரை இது முழுக்கச் சரி. அதன் காற்றுப்பாதை அவ்வளவு குறுகலானது. அழுது முரண்டு பிடித்தால் அந்த இடத்திலேயே அடைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அச்சத்தை அப்படியே பெரியவருக்கும் மாற்றிவைத்து, ஸ்கோப் போடவே தயங்குகிறார்கள் சிலர். உட்கார்ந்து ஒத்துழைக்கிற பெரியவருக்கு, அவசர ஏற்பாடுகள் பக்கத்தில் இருக்க, மூக்கு வழி ஸ்கோப் பாதுகாப்பானது என்பதே உலகெங்கும் இன்றைய நடைமுறை. குழந்தைக்கான எச்சரிக்கையைப் பெரியவரிடம் கடைப்பிடிப்பது, பெரியவருக்கு இந்த நோய் வராது என்ற நம்பிக்கையின் மறுபக்கம்.

ஸ்கோப்புக்குப் பதில் எக்ஸ்ரே போதாதா என்பார்கள். கட்டைவிரல் அடையாளம் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது. எக்ஸ்ரே சாதாரணமாக வந்து, ஸ்கோப்பில் நோய் தெரிந்தவர்கள் பல ஆய்வுத் தொகுப்புகளில் உண்டு. மூச்சு முட்டுகிறவரை ஒரு துணையும் இல்லாமல் எக்ஸ்ரே அறைக்கு அனுப்புவதும், சிடி ஸ்கேனுக்காக மல்லாக்கப் படுக்க வைப்பதும் வாஷிங்டன் தலையைச் சாய்த்தபோது நடந்ததை மறுபடி நடத்திப் பார்ப்பதுதான்.

இனி, எனக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம். “ஒரு நாளைக்கு ஓபியில் எத்தனை தொண்டை வலி வருகிறது தெரியுமா? லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோய்க்காக எல்லாருக்கும் ஸ்கோப் போட முடியுமா?” நியாயமான கேள்வி. யாரும் எல்லாருக்கும் போடச் சொல்லவில்லை. தொண்டை வலியோடு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தண்ணீர் குடிக்கிறார்கள், எச்சில் விழுங்குகிறார்கள், குரல் அடைத்தாலும் சொல் தெளிவாக வருகிறது. அவர்களுக்கு ஸ்கோப் வேண்டாம். பலருக்கு ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம். எச்சிலை விழுங்க முடியாமல் துப்புகிறவர், குரல் அமுங்கிப்போனவர், படுக்க முடியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பவர், மூச்சில் கீச்சொலி கேட்பவர் என்று வடிகட்டினால் மிஞ்சுவது விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்தான். மாரடைப்பும்கூட நெஞ்சு வலி என்று வருகிறவர்களில் சிறுபான்மைதான். அதற்காக ஈசிஜி எடுக்காமல் அனுப்புகிறோமா? அபூர்வம் என்பது தேடாமல் இருப்பதற்கான காரணம் ஆகாது. யாரிடம் தேட வேண்டும் என்று தெரிந்துவைத்துக்கொள்வதற்கான காரணம்.

இரண்டாவது வாதம் இன்னும் நாசூக்கானது. பெரியவர்களின் காற்றுப்பாதை அகலம், பெரும்பாலோருக்குக் குழாய் போட வேண்டிய அவசியமே வருவதில்லை, எனவே இது அவ்வளவு பயப்பட வேண்டிய நோய் இல்லை என்பது. முதல் இரண்டு கூற்றும் உண்மை. பெரியவர்களில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரைதான் குழாயோ கழுத்தில் துளையோ தேவைப்படும் நிலைக்குப் போகிறார்கள் என்று பல தொகுப்புகள் சொல்கின்றன. ஆனால் அந்த ஒருவர் யார் என்று முதல் மணி நேரத்தில் நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. தாங்கிக்கொண்டே இருந்து, திடீரென்று ஒரே அடியாக அடைத்துக்கொள்வது இந்த நோயின் சுபாவம். எல்லாருக்கும் குழாய் போட வேண்டாம் என்பதிலிருந்து, எல்லாரையும் ஐசியூவில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பதுதான் வருமே தவிர, வீட்டுக்கு அனுப்பலாம் என்பது வராது. செஃப்ட்ரையாக்சோன் போன்ற ஆன்டிபயாட்டிக்கை நரம்பு வழியாக ஏற்றுவது, ஆக்சிஜன், தூக்கி உட்கார வைத்த படுக்கை, தேவைப்பட்டால் உடனே குழாய் போடவும் கழுத்தைத் திறக்கவும் தெரிந்த ஆட்கள் கூப்பிடு தூரத்தில். இவ்வளவும் இருந்தால் பெரும்பாலானவர்கள் சில நாளில் நடந்தே வீட்டுக்குப் போவார்கள். இவ்வளவு சுலபமாகக் காப்பாற்றக்கூடிய ஒருவரை இழப்பதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

ஸ்டீராய்டு ஊசி பற்றி ஒரு வார்த்தை. எல்லா ஊரிலும் போடுகிறார்கள், நானும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நோயில் அது உயிரைக் காக்கிறது என்று உறுதியாகக் காட்டிய ஆய்வு இல்லை. ஊசி போட்டதும் கொஞ்சம் தேவலை என்று நோயாளி சொல்வதைக் கேட்டு வெளியே அனுப்பினால், அந்த ஊசி உதவி செய்ததாக ஆகாது.

குழந்தைகளிடம் ஒழிந்தது என்பதையும் அப்படியே விட்டுவிட மனமில்லை. பிரிட்டன் 1992 அக்டோபரில் தடுப்பூசியைத் தொடங்கியது. நோய் மளமளவென்று சரிந்தது. 1999க்குப் பிறகு மெல்ல ஏற ஆரம்பித்தது. 2, 3, 4 மாதங்களில் மூன்று ஊசி போட்டு, ஒரு வயதுக்கு மேல் ஊக்க ஊசி போடாமல் விட்டதால் எதிர்ப்பாற்றல் தேய்ந்துபோனது முக்கியக் காரணம். இடையில் வேறு கலவை ஊசி பயன்படுத்த நேர்ந்ததும் சேர்ந்துகொண்டது. குழந்தைகளிடம் கிருமி மறுபடி உலவத் தொடங்கியதும் பெரியவர்களிடமும் ஹிப் நோய் ஏறியது. 2003இல் நாடு தழுவிய ஊக்க ஊசி இயக்கம் நடத்தி, 2006இல் ஒரு வயதில் போடும்படி அதை வழக்கமான அட்டவணையில் சேர்த்த பிறகுதான் அடங்கியது. நம் அரசுத் திட்டத்தில் ஹிப் ஊசி 6, 10, 14 வாரங்களில் மூன்று முறை. ஒன்றரை வயதில் வருவது டிபிடி ஊக்க ஊசி. அதில் ஹிப் கிடையாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 16 முதல் 18 மாதத்துக்குள் ஹிப் ஊக்க ஊசியும் வேண்டும் என்கிறது. காசு கொடுத்துப் போடும் வீட்டுக் குழந்தைக்குக் கிடைக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. போய்விட்ட நோய் என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை இதைப் பற்றிக் கேட்கக்கூட ஆள் இருக்காது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். மருத்துவக் கல்லூரிகளில் இந்தப் பாடத்தின் முதல் வரியை மாற்றுங்கள்; ஐம்பது வயது சர்க்கரை நோயாளியிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள். தேர்வில் கட்டைவிரல் அடையாளத்தைக் கேட்கும் இடத்தில், வலி அதிகம், தொண்டை சாதாரணம், அடுத்து என்ன செய்வாய் என்று கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இரவிலும் மூக்கு வழி ஸ்கோப்பும், அதைப் போடத் தெரிந்த ஒருவரும் இருக்கும்படி செய்யுங்கள். ஸ்கோப் இல்லாத இடத்தில் பணிபுரியும் டியூட்டி டாக்டர், சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுக்க வேண்டியது மாத்திரைச் சீட்டை இல்லை, ரெஃபரல் கடிதத்தை.

வாசகருக்கும் ஒன்று. உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ தொண்டை வலியோடு எச்சில் விழுங்க முடியாமல் போனால், குரல் அமுங்கிப்போனால், மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கொப்பளிக்க வேண்டாம், எதையும் ஊட்ட வேண்டாம். 108க்குக் கூப்பிட்டு, ஈஎன்டி மருத்துவரும் ஐசியூவும் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தே போங்கள். படுக்கச் சொன்னால், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி மறுத்துவிடுங்கள். வாயில் டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றால், “மூக்கு வழியா ஸ்கோப் விட்டுப் பாத்துடுங்க டாக்டர்” என்று கேளுங்கள்.